நாலு வரியில் முடிந்துபோன சனம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விசுவமடுவில், பரந்தன் – முல்லைத்தீவு வீதியோரம் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கிறேன். உங்கள் பேப்பரை வாங்கி மேசையில் போட்டால் பின்னேரத்துக்குள் ஒரு இருபது பேராவது வாசித்துவிடுவார்கள், அடுத்த நாள் அதில்தான் வடை சுற்றுவேன்.

போன கிழமை வெளிநாட்டுப் பக்கத்தில், காசாவில் போரை நிறுத்தச் சொல்லி லண்டனில் சனம் ஊர்வலம் போனதைப் படத்தோடு அரைப் பக்கம் போட்டிருந்தீர்கள். நல்ல விஷயம். தகப்பன் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு போனது, மட்டையில் என்ன எழுதியிருந்தது, எல்லாம் இருந்தது. அதே பேப்பரின் எட்டாம் பக்கத்தில் எங்கள் ஊர்ச் செய்தி நாலே நாலு வரி. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் கவனயீர்ப்புப் போராட்டமொன்றை முன்னெடுத்தனராம், பலரும் கலந்துகொண்டனராம், மகஜர் கையளிக்கப்பட்டதாம். படத்தில் முன்னுக்கு நிற்பவர் கடைசிப் பத்து நிமிடம் வந்துவிட்டுப் போன அரசியல்வாதி.

நான் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு அங்கே போய் நின்றவன். 23 பேர், எண்ணிப் பார்த்தேன். அதில் ஒரு அம்மா மகனின் படத்துக்குக் கீழே காசாப் பிள்ளைகளின் படமொன்றைப் பேப்பரிலிருந்து வெட்டி ஒட்டிக்கொண்டு வந்திருந்தா. ஏனம்மா இது என்று கேட்டேன். “அங்கயும் தாய்மார் தேடித் திரியுதுகள்தானே தம்பி” என்றா. அந்தப் படம் உங்கள் பேப்பரில் வெட்டியது, ஓரத்தில் இருந்த எழுத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது. உங்கள் நிருபருக்குத் தெரியவில்லை.

2003 பெப்ரவரி 15ஆம் திகதி, ஈராக் போர் வேண்டாம் என்று லண்டன், ரோம், மாட்ரிட் என்று உலகம் முழுக்கச் சனம் தெருவில் இறங்கியது நினைவிருக்கும். லண்டனில் பொலிஸ் கணக்கே 7.5 லட்சம், ஏற்பாடு செய்தவர்கள் அதற்கும் கூட என்றார்கள். எங்களுக்கு அது சமாதான காலம், ஏ9 வீதி திறந்திருந்தது, கொழும்புப் பேப்பரும் வரும். தன் தலையில் குண்டு விழாத சனம் எதற்குக் குளிருக்குள் இறங்குது என்று கடையில் பெரிய கதை. சரி, மார்ச் 20 போர் தொடங்கிவிட்டது. கடைக்கு வரும் அண்ணர் ஒருவர் இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவார்: “அவ்வளவு சனம் கத்தியே நிக்கேல்லை, நீங்கள் இருபது பேர் மட்டை பிடிச்சு என்ன காணப் போறியள்?”

அவருக்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. 2008 செப்டெம்பரில் ஐநா ஆட்கள் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டபோது சனம் வாசலில் நின்று போக வேண்டாம் என்று மன்றாடியது. அவர்கள் போய்விட்டார்கள். கடைசிக் கட்டப் போரில் தாங்கள் தவறிவிட்டோம் என்று 2012இல் ஐநாவின் உள்ளக அறிக்கையே சொன்னது. அன்று வாசலுக்குப் போனவர்களில் எனக்குத் தெரிந்த இரண்டு பேர் அதைப் பார்க்க இல்லை.

ஆனால் ஒன்று சொல்வேன். இதே வீதியால்தான் உடையார்கட்டு, தேவிபுரம், இரணைப்பாலை என்று இடம்பெயர்ந்து 2009 ஏப்ரலில் பொக்கணையில் பங்கருக்குள் கிடந்தோம். பற்றரி கிடையாது. பக்கத்துப் பங்கர்ப் பெடியன் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து டைனமோவைச் சுற்றி ரேடியோவைப் பேச வைப்பான், ஷெல் கொஞ்சம் ஓய்ந்தால் இரவு பிபிசி தமிழோசை கேட்கும். அப்படி ஒருநாள், லண்டனில் பாராளுமன்றத்துக்கு முன்னால் எங்கட சனம் போரை நிறுத்தச் சொல்லி றோட்டில் இருந்துவிட்டதாம் என்று கேட்டோம். அன்று முழுக்க ஒரு கோப்பை கஞ்சியோடு இருந்த என் அம்மா முதல் கேட்டது, “அதுகள் சாப்பிட்டுதுகளோ?” பிறகு, “அங்க சரியான குளிராமே, விரிக்க ஏதும் கொண்டுபோனதுகளோ?” ரேடியோ சொன்னது இரண்டு நிமிடம்கூட இராது, நாங்கள் இரண்டு நாள் அதையே கதைத்தோம், எத்தனை பேராம், பொலிஸ் அடித்ததாமோ, இரவும் இருப்பார்களோ என்று. போர் நிற்கவில்லை. ஏப்ரல் 20 மாத்தளன் பக்கத்தால் ஆமி வந்து, நாங்கள் வெளியே வந்து, செட்டிகுளம் முகாமில் இருக்கும்போதுதான் ரொறன்ரோவில் பெருந்தெருவை மறித்த கதை தெரிந்தது, அதுவும் எல்லாம் முடிந்த பிறகு. போரை நிறுத்தாவிட்டாலும் அந்தச் செய்தி பங்கருக்குள் வந்தது. அண்ணருக்கு நான் சொல்கிற அரைப் பதில் இதுதான்.

எழுதினால் நன்றாக எழுதுவீர்கள் என்பதும் தெரியும். 2017இல் பிலக்குடியிருப்புச் சனம் விமானப்படை முகாம் வாசலில் ஒரு மாதம் இருந்து மார்ச் முதலாம் திகதி தங்கள் காணிக்குள் போனபோது யார் சமைத்தது, பிள்ளைகள் எங்கே படித்தார்கள் என்பதுவரை போட்டீர்கள். அதே ஆண்டு பெப்ரவரி 20 கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவிலடியில் கொட்டகை போட்டு, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டுப் போராட்டம் தொடங்கிய அம்மாக்களுக்கு இன்றுவரை பதில் இல்லை, எத்தனையோ பேர் செத்தும் போனார்கள், அது உங்களுக்குப் பழகிவிட்டது. பொய் சொல்லக்கூடாது, எனக்கும்தான். பஸ்ஸில் போகும்போது அந்தக் கொட்டகைப் பக்கம் பார்க்காமல் போன நாட்களும் உண்டு.

2022 மே 18, கொழும்பு காலிமுகத்திடலில் சிங்களச் சனமும் சேர்ந்து, கடைசிப் போரில் நாங்கள் குடித்ததை நினைத்துக் காய்ச்சும் முள்ளிவாய்க்கால் கஞ்சி குடித்த படத்தை வெட்டிக் கடையில் ஒட்டி வைத்திருக்கிறேன், அதில் மட்டும் வடை சுற்றவில்லை.

அடுத்த முறை நிருபரை ஒரு அரை மணித்தியாலம் முன்னதாக அனுப்புங்கள், அரசியல்வாதி வர முதல். “பலரும்” என்று போடாமல் எண்ணிப் போடச் சொல்லுங்கள். 23 என்றால் 23தான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அப்புறம், விசுவமடு முல்லைத்தீவு மாவட்டம். கிளிநொச்சி என்று போட்டிருக்கிறீர்கள், திருத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
தேத்தண்ணிக் கடைக்காரன்,
விசுவமடு.