செயலாளர் அறிக்கை – 2025

தலைவருக்கும் செயற்குழுவினருக்கும் வந்திருக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கை தபாலில் போகும்.

பொங்கல் விழாவும் விளையாட்டுப் போட்டியும் வழமைபோல் நடந்தன. மண்டபம் கிடைக்காததால் ஒளிவிழா ஒரு வாரம் பிந்தியது.

வியாழக்கிழமைகளில் நோயாளிகளுக்கு அரச உதவிப்பணப் படிவம் நிரப்ப உதவுவது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். "சங்கத்துக்கு இது என்ன வேலை?" என்று செயற்குழுவிலேயே கேட்கப்பட்டது. கேட்டவர் இன்று வரவில்லை. சரி, பதிலைப் பதிந்து வைக்கிறேன்.

நோயால் வேலை செய்ய ஏலாதவர்கள் யூனிவர்சல் கிரெடிட் என்ற பிரித்தானிய அரச உதவிப்பணத்துக்கு விண்ணப்பித்தால், அவர்களின் வேலைத்திறன் பற்றிய முடிவு வர மாதக்கணக்காகும். வேலை செய்ய ஏலாது என்ற மருத்துவச் சான்றை (பிட் நோட்) கொடுத்தால் முதல் 14 நாட்களுக்கு வேலை தேடச் சொல்ல முடியாது. அதன்பின் எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பது வேலை தேடலைக் கவனிக்கும் அரச அலுவலரான வேர்க் கோச்சின் கையில். முதுகு அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருந்த நம் அண்ணர் ஒருவரை வேலை தேடும் வகுப்புக்கு வரச்சொல்லி, வராவிட்டால் பணம் வெட்டுப்படும் என்றும் எழுதினார்கள். அவரும் ஊன்றுகோலோடு போய் சிவி எழுதப் பழகினார். வேலை தேடும் கடப்பாட்டைக் குறைக்கக் கேட்கலாம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. நாங்கள் எழுதிக் கேட்டோம், குறைத்தார்கள்.

நோய் வேலைத்திறனை எப்படிப் பாதிக்கிறது என்று கேட்கும் யூ.சி.50 படிவத்தைத் தகுந்த காரணமின்றிக் குறித்த திகதிக்குள் அனுப்பாவிட்டால் வேலைக்குத் தகுதியானவர் என்று முடிவுகட்டி விடலாம். முடிவு பாதகமானால் ஒரு மாதத்துக்குள் மீளாய்வு கேட்க வேண்டும். மேன்முறையீட்டை விசாரிக்கும் ட்ரிபியூனல் அதற்குப் பிறகுதான். நம்மவர்களோ எந்தக் கேள்விக்கும் "ஓரளவு சமாளிப்பேன்" என்றே எழுதுவார்கள். ரோசம்! அதை அழித்து உண்மையை எழுத வைப்பதற்கே பாதி நேரம் போகிறது.

படிவத்தோடு வருபவர்களிடம் சந்தா கேட்பதில்லை, இனியும் கேட்க மாட்டேன். ஆனால் இரண்டு வீடு வைத்திருப்பவர்களும் வருடம் 20 பவுண் கட்டாமல் இருப்பதை என்னவென்று சொல்வது? பெயர்களை இங்கே வாசிக்கவில்லை. பட்டியல் என்னிடம் இருக்கிறது.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். மண்டப வாடகை கூடியதால் கையிருப்பு சற்றுக் குறைவு. போட்டோகொப்பிச் செலவு கூடிவிட்டதாகச் சிலர் சொல்கிறார்கள். என் வீட்டு பிரிண்டரில் எடுத்தவை அதில் சேரவில்லை.

சமையலுக்கு உதவிய அக்காமாருக்கும் ஒலிபெருக்கி தந்தவருக்கும் நன்றி.

2026 ஏப்ரல் முதல் புதிதாக விண்ணப்பிப்போரில் பெரும்பாலானோருக்கு, யூனிவர்சல் கிரெடிட்டில் வேலை செய்ய இயலாமைக்கான கூடுதல் கொடுப்பனவு வாரம் 97 பவுணிலிருந்து ஏறத்தாழ 50 ஆகிறது. மிகக் கடுமையான தீராத நோயாளிகளுக்கு விலக்கு உண்டு. தாம் அதில் அடங்குவோமா என்று கேட்டு அடுத்த வருடம் இன்னும் பலர் வருவார்கள். மொழிபெயர்க்க வருவதாகப் பெயர் கொடுத்த இளையவர்கள் ஒருநாள் வந்தார்கள், அப்புறம் காணவில்லை. ஆங்கிலம் தெரிந்த இருவரும் கார் ஓடும் ஒருவரும் கிடைத்தால் இதைத் தொடரலாம். கிடைக்காவிட்டால் செயலாளர் பதவிக்கும் சேர்த்தே சபை ஆளைத் தேடட்டும். பெயர் எழுதும் தாள் வாசல் மேசையில் இருக்கிறது, பேனாவும் வைத்திருக்கிறேன்.

செயலாளர்