எல்லை இடைவெளியைக் கூரை நுனியிலிருந்து அளவிடுங்கள்: கரையோர உள்ளூராட்சி மன்றங்களுக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் கரையோர மாநகர, நகர, பிரதேச சபைகளின் தலைவர்களுக்கும், திட்டமிடற் குழு உறுப்பினர்களுக்கும், வீட்டு வரைபடங்களைச் சரிபார்க்கும் தொழில்நுட்ப உத்தியோகத்தர்களுக்கும்,

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

புது வீட்டு வரைபடம் தங்கள் மேசைக்கு வரும்போது வீதிக்கோடு, கட்டடக் கோடு, பின்பக்க வெளி, கிணற்றுக்கும் மலக்குழிக்கும் உள்ள தூரம் எல்லாம் பார்க்கப்படுகின்றன. சுவருக்கும் எல்லைக்கும் உள்ள இடைவெளியும் பார்க்கப்படுகிறது. ஆனால் கூரை சுவரைத் தாண்டி எவ்வளவு நீள்கிறது, அதாவது தாழ்வாரம் எவ்வளவு என்பது பல வரைபடங்களில் குறிக்கப்படுவதே இல்லை. கூரை ஏற்றும் நாளில் ஓடாவியும் வீட்டுக்காரரும் நின்ற இடத்தில் அதை முடிவுசெய்கிறார்கள். அதற்குள் சுவர் எழுந்துவிடுகிறது. இடம் போதாவிட்டால் ஒன்றில் தாழ்வாரத்தைக் குறுக்க வேண்டும், அல்லது அடுத்த வளவுக்குள் நீட்ட வேண்டும். இந்த இரண்டையும் தடுக்கக்கூடியவர்கள் தாங்கள் மட்டுமே என்பதால்தான் இம்மடலை எழுதுகிறோம்.

வேலியிலிருந்து 3 அடி விட்டால் போதும் என்ற எண்ணம் ஊரெங்கும் இருக்கிறது. கணக்கைப் பாருங்கள். தாழ்வாரம் 2½ அடி, நுனியில் மழைநீரை ஏந்தும் பீலி 6 அங்குலம், ஆக 3 அடி. பீலியின் வெளி விளிம்பு சரியாக எல்லைக்கு மேலே நிற்கிறது. பீலி இல்லாவிட்டால் ஓட்டு நுனியிலிருந்து எகிறும் தண்ணீர் அயல் வளவில்தான் விழும். மாரியில் ஒரே நாளில் 100 மில்லிமீற்றர் மழை பெய்வது இந்தக் கரைக்குப் புதிதல்ல. அப்படிப் பெய்தால் 40 அடி நீளமும் 15 அடி அகலமும் கொண்ட ஒரு கூரைப் பக்கம் மட்டும் ஏறத்தாழ 5,500 லீற்றர் நீரை இறக்கும். மணல் தரையில் அது ஒரே கோட்டில் விழுந்து வாய்க்கால்போலப் பறிக்கிறது. மதிலின் அத்திவாரம் வெளியே தெரிகிறது. சுவரின் அடிப்பாகத்தில் ஒன்றரை, இரண்டு அடி உயரத்துக்கு ஈரம் தெறித்துப் பூச்சு உப்பிப் பெயர்கிறது.

தாய் வளவைப் பிரித்து மகள்மாருக்குச் சீதன வீடு கட்டுவது நமது வழக்கம். அக்காவின் கூரைத் தண்ணீர் தங்கையின் பங்கில் விழுவதை இன்று யாரும் பெரிதாக எடுப்பதில்லை. தங்கையின் காணி கைமாறினால் நிலைமை வேறு. தண்ணீர் 10 ஆண்டுகள் தடையின்றி விழுந்துவிட்டால், நீண்டகாலப் பாவனையைக் காட்டி ஒருவர் உரிமை கோரவும் மற்றவர் மறுக்கவும் வழக்கு எழ இடமுண்டு. காத்தான்குடி, சாய்ந்தமருது போன்ற நெருக்கமான ஊர்களில் இது இன்னும் கூர்மையான பிரச்சினை.

எனவே சுவருக்கு விடவேண்டிய தூரத்தை இப்படிக் கணக்கிடச் சொல்லுங்கள்: தாழ்வாரத்தின் அகலம், பீலிக்கு 6 அங்குலம், அதற்கு வெளியே எல்லை வரை வெறுமையாக 1 அடி. 2 அடித் தாழ்வாரத்துக்குச் சுவர் 3½ அடி உள்ளே. 3 அடித் தாழ்வாரத்துக்கு 4½ அடி. அந்த ஓரடி வீண் இடமல்ல. பீலியில் இலை அடைத்து நீர் வழிந்தாலும் அது சொந்த வளவுக்குள் விழும். ஏணி வைத்துப் பீலியைத் துப்புரவாக்கவும் இடம் இருக்கும். தங்கள் சபையின் விதி இதைவிடக் கூடுதலாகக் கேட்டால் அதுவே செல்லும். குறைவாக இருந்தால் இந்தக் கணக்கைக் கேளுங்கள்.

தாழ்வாரம் எவ்வளவு வேண்டும் என்பது திசையைப் பொறுத்தது. நாலு பக்கமும் ஒரே அளவு விடுவது பழக்கம்; குறுகிய காணியில் அது நல்ல பழக்கமல்ல. 10 அடிச் சுவர், 25 பாகை சரிவுள்ள ஓட்டுக் கூரை, 3 அடி உயரத்தில் தொடங்கி 7 அடியில் முடியும் யன்னல் என்று வைத்துக்கொள்வோம். தாழ்வாரம் 3 அடி நீண்டால் அதன் நுனி 1 அடி 5 அங்குலம் இறங்கி, தரையிலிருந்து 8 அடி 7 அங்குலத்தில் நிற்கும். வாடைக் காற்றோடு மழை 45 பாகை சாய்ந்து அடித்தால் 5 அடி 7 அங்குலத்துக்குக் கீழேதான் சுவர் நனையும். 2 அடித் தாழ்வாரமானால் 7 அடிக்குக் கீழே எல்லாம், அதாவது முழு யன்னலும், நனையும். வடகீழ்ப் பருவமழை அடிப்பது வடக்கு, கிழக்குச் சுவர்களில். ஆகவே அந்த இரண்டு பக்கமும் 3 அடி நல்லது. முடியாவிட்டால் 2½ அடியும் யன்னலுக்கு மேலே ஒன்றரை அடிச் சன்சேட்டும் வேண்டும்.

வெயில் கணக்கு வேறு. மட்டக்களப்பு வட அகலக்கோட்டில் ஏறத்தாழ 7.7 பாகையில் இருப்பதால் நண்பகல் வெயில் உச்சியை ஒட்டியே நிற்கிறது. ஜூன் மாத நண்பகலில் வடக்குச் சுவருக்கு 2 அடித் தாழ்வாரமே நிழலுக்குப் போதும். தெற்கே சூரியன் அதிகம் சாய்வது டிசம்பரில், அது மழைக்காலம். எனவே தெற்குப் பக்கம் 2 அடியோடு நிறுத்தலாம். காணியில் ஒரு பக்கம் ஒடுக்கமாகத்தான் வரவேண்டும் என்றால் அது தெற்காக இருக்கட்டும்.

மேற்குதான் பலர் ஏமாறும் பக்கம். பின்னேரம் 4 மணிக்குச் சூரியன் 30 பாகை உயரத்துக்கு இறங்கிவிடுகிறது. அப்போது 3 அடித் தாழ்வாரத்தின் நிழல் யன்னலின் தலை வரைதான் எட்டும். 5 அடி நீட்டினாலும் யன்னலின் கீழ்ப்பாதி வெயிலில் கிடக்கும். நுனியோ தரையிலிருந்து 7 அடி 8 அங்குல உயரத்துக்கு இறங்கிவிடும். மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் மேற்குச் சுவர் கொதிப்பதைத் தாழ்வாரத்தை நீட்டித் தீர்க்க முடியாது. அந்தப் பக்கம் விறாந்தை, மரம், அல்லது சிறிய யன்னல்தான் வழி.

அகலமான தாழ்வாரத்துக்கு எதிராகப் பேசுவது சூறாவளி. 1978 நவம்பர் 23 இந்தக் கரையில் யாரும் மறக்கக்கூடிய நாளல்ல. காற்றுக்காக இலங்கையை வகுத்த மூன்று வலயங்களில் கிழக்குக் கரை கடுமையான முதலாம் வலயத்தில் இருக்கிறது; சாதாரண வீட்டுக்குக் கணிக்கும் வேகம் வினாடிக்கு 49 மீற்றர், அதாவது மணிக்கு சுமார் 176 கிலோமீற்றர். அந்த வேகத்தில் ஒரு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 150 கிலோ அழுத்தம் உண்டாகும். தாழ்வாரத்தில் காற்று கீழிருந்து தள்ளுகிறது, மேலிருந்து உறிஞ்சுகிறது. இரண்டும் ஒரே திசையில் சேர்கின்றன. ஓட்டின் எடை சதுர மீற்றருக்கு 40 கிலோ அளவு, அஸ்பெஸ்டஸ் சீட் 15 கிலோ அளவு. எடையை நம்பிக் கூரை நிற்காது. கட்டுத்தான் அதை நிறுத்த வேண்டும்.

காற்று ஒன்றரை அடி போதும் என்கிறது, மழை 3 அடி கேட்கிறது. எங்கள் தீர்ப்பு இது: கட்டி இறுக்கிய ஓட்டுக் கூரைக்கு 3 அடி வரை, சீட் கூரைக்கு 2½ அடி வரை, அதற்குமேல் வேண்டாம். கூரைச் சரிவைத் தாங்கும் 4 அங்குலம் × 2 அங்குலக் கைமரம் 3 அடிக்கு மேல் வெளியே போனால் நுனி தொய்யவும் செய்யும். சுவரின் தலையில் கம்பி போட்ட கொங்கிறீட் வளையம் ஓடவேண்டும். அதில் அரை அங்குல போல்ட்டுகளை 4 அடிக்கு ஒன்றாக, கீழ்முனையை வளைத்து, கொங்கிறீட் போடும்போதே புதைத்துவிட வேண்டும். பிறகு துளைத்து இறுக்கும் போல்ட் அதற்கு ஈடாகாது. சுவர் மேலுள்ள வளைமரம் அந்த போல்ட்டில் இறுக வேண்டும். ஒவ்வொரு கைமரத்தையும் நாகம் பூசிய இரும்புப் பட்டியால் வளைமரத்தோடு கட்ட வேண்டும். வெறும் ஆணி உப்புக்காற்றில் சில ஆண்டுகளில் இற்றுவிடும். ஓரத்து ஓட்டு வரிசைகளைக் கம்பியால் கட்டாமல் விடக்கூடாது.

விறாந்தைக்குக் கைமரத்தை அப்படியே நீட்டுவதை முற்றாக நிறுத்தச் சொல்லுங்கள். விறாந்தைக் கூரை தனித் தூண்களில், சுவரருகே தனி வளைமரத்தில் தொடங்க வேண்டும். காற்றில் அது பிய்ந்தாலும் வீட்டுக் கூரையை இழுத்துக்கொண்டு போகாது.

5, 6 பேர்ச் காணிகளில் இவ்வளவு இடம் எங்கே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அங்கே கூரையின் திசையை மாற்ற வேண்டும்: முக்கோணச் சுவர் ஒடுக்கமான பக்கத்தைப் பார்க்கட்டும், நீர் முன்னும் பின்னும் இறங்கட்டும். முக்கோணப் பக்கத்தில் நீர் வடியாது, ஓரடி நீட்டம் போதும். அதற்கு மேல் நீட்டினால் காற்று முதலில் பிடிப்பதும் அதைத்தான். எல்லையோரச் சுவருக்குள் மறைத்துக் கட்டும் கொங்கிறீட் பீலிக்கு அனுமதி கொடுக்க வேண்டாம். இலை அடைத்ததும் நீர் தேங்கிச் சுவருக்குள் இறங்கும்; உள்ளே ஈரம் தெரியும்போதுதான் வீட்டுக்காரருக்குச் சேதி தெரியும்.

தங்களிடம் கேட்பது மூன்று. விண்ணப்பத்தோடு கூரை வரைபடம் ஒன்று கட்டாயமாகட்டும். இரண்டாவதாக, அதில் நான்கு பக்கமும் பீலியின் வெளி விளிம்பிலிருந்து எல்லை வரையான தூரம் எழுத்தில் இருக்கட்டும். பீலி நீர் எங்கே போகிறது என்பதும் அதிலேயே காட்டப்படட்டும். மூன்றாவதாக, அத்திவாரத்துக்கு முளை அடித்து நூல் கட்டியதும், வெட்டுவதற்கு முன், தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருமுறை வந்து அளக்கட்டும். வீட்டைக் கட்டி முடித்து இணக்கச் சான்றிதழ் கேட்கும் நாளில் வந்து பார்த்துப் பயனில்லை. முளையை ஓரடி உள்ளே நகர்த்தச் செலவு எதுவும் இல்லை.

இப்படிக்கு,
மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் வீடு கட்டும் மேசன்மார், ஓடாவிமார், படவரைஞர்கள் சிலர்