ஞாயிறு காலை கோச்சுகளுக்கு ஒரு மடல்

மதுரையில் ஞாயிறு காலையில் பையன்களுக்குக் கால்பந்து சொல்லித்தரும் கோச்சுகளுக்கு, வணக்கம்.

போன வாரம் ரேஸ்கோர்ஸ் மைதானத்து ஓரம் டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஒரு பையன், "நம்ம நாட்டுல லீக் 2014-லதானே சார் ஆரம்பிச்சது?" என்றான். அவனுடைய கோச் விசிலை வாயில் வைத்தபடியே ஆமாம் என்று தலையாட்டினார். அவரைக் குறை சொல்லவில்லை. அவருக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

2014-ல் வந்தது ஐ.எஸ்.எல். என்கிற இந்தியன் சூப்பர் லீக். அதற்கு 18 வருஷம் முன்னாடியே, 1996-ல், தேசிய கால்பந்து லீக் தொடங்கியது. முதல் பட்டம் கொல்கத்தாவுக்கும் போகவில்லை, கோவாவுக்கும் போகவில்லை. பஞ்சாபில் பக்வாராவின் ஜே.சி.டி. மில் அணிக்குப் போனது. ஹார்வி மில் சங்கைக் கேட்டு நேரம் பார்த்த ஊர்க்காரர்கள் நாம். மில் அணி ஜெயித்தது என்றால் நமக்கு அதில் தனி ருசி. அந்த அணியின் பாய்ச்சுங் பூட்டியா அந்த சீசனில் 14 கோல்.

அடுத்த சீசனில் அதிக கோல் யார் அடித்தது என்று உங்கள் பையன்களிடம் கேட்டுப் பாருங்கள். நம்ம தமிழ்நாட்டு ராமன் விஜயன், கேரள அணியான எஃப்.சி. கொச்சினுக்காக. அதே அணியில் கேரளத்து ஐ.எம். விஜயனும் இருந்தார். எந்த விஜயன் என்று கேட்காமல் அந்த வருஷம் பேச்சே ஓடாது. சென்னையிலிருந்து இந்தியன் வங்கி அணியும் அந்த லீக்கில் ஆடியது. பந்து உதைத்தால் வங்கியில் வேலை கிடைக்கும் என்று பையன்கள் நம்பிய காலம் அது.

11 சீசன் ஓடியது. பட்டக் கணக்கு: கொல்கத்தாவின் மோகன் பகான் 3, ஈஸ்ட் பெங்கால் 3, கோவாவின் டெம்போ 2, மற்ற மூன்றும் ஜே.சி.டி., சல்காவ்கர், மஹிந்திரா யுனைடெட்டுக்கு ஆளுக்கு ஒன்று. 2007-ல் அதன் இடத்துக்கு ஐ-லீக் வந்ததும் பழைய பெயர் போயிற்று.

பெயர் போனதில்கூட எனக்கு வருத்தமில்லை. அணிகள் போனதுதான் வருத்தம். கொச்சின் 2002-லேயே படுத்துவிட்டது. மஹிந்திரா 2010-லும் ஜே.சி.டி. 2011-லும் மூடப்பட்டன. ஆட்டக்காரர்களுக்குக் காலில் சரக்கு இல்லாமலா? கம்பெனி கையை எடுத்தால் அணி இல்லை, அவ்வளவுதான். இன்றைக்கு ஒரு கிளப்பை நம்பிப் பிள்ளையை அனுப்பும் பெற்றோரும் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

கேட்பது சின்ன விஷயம். வார்ம்-அப் முடிந்ததும் பத்து நிமிஷம் உட்காரவைத்து இதைச் சொல்லுங்கள். பேப்பரில் மூலையில் நாலு வரி வரும் ரிசல்ட்டை வெட்டி, பசை வாங்கக் காசில்லாமல் சோற்றுப் பருக்கையால் ஒட்டிய நோட்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. சோற்று ருசிக்குக் கரப்பான் பாதியைத் தின்றுவிட்டது. மிச்சத்தை அடுத்த ஞாயிறு கொண்டுவருகிறேன். ஆறரைக்கு வந்தால் சரிதானே?

இப்படிக்கு,
டீக்கடை பக்கம் நிற்கும் பழைய ரசிகன்