ஆர்க்கிட் வீண் செலவு அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

திருமண மேடை அலங்காரம் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஆர்க்கிட் பூவை வீண் ஆடம்பரம் என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டார் கட்டுரையாளர். கல்யாண வீடுகளுக்குப் பூ அலங்காரம் செய்பவன் நான். பணம் வீணாவது உண்மைதான். ஆனால் அதற்குக் காரணம் பூ அல்ல, நாம் அதைக் கையாளும் விதம்.

நம் மேடைகளில் அதிகம் தெரிவது ஊதாவும் வெள்ளையும் கலந்த டென்ட்ரோபியம் வகை. பெரும்பாலும் தாய்லாந்திலிருந்து விமானத்தில் வருவது. பெட்டியைப் பிரித்தால் பல தண்டுகளின் அடியில் தண்ணீர் நிரப்பிய சின்ன பிளாஸ்டிக் குழாய் செருகியிருக்கும். தண்ணீர் மட்டும் கிடைத்தால் இந்தப் பூ ஒரு வாரத்துக்கு மேலும் வாடாது. ரிசப்ஷனுக்கு வைத்தது மறுநாள் முகூர்த்தத்துக்கும் அப்படியே நிற்கும். அதன் விலைக்கு அர்த்தமே இதுதான். ஆனால் வேலை சீக்கிரம் முடியட்டும் என்று முதலில் பிடுங்கி எறிவது அந்தக் குழாயைத்தான்.

அடுத்தது ஸ்டோர் ரூம். மண்டபத்தில் பூப்பெட்டிகளை அங்கேதான் இறக்குகிறார்கள். பக்கத்திலேயே தாம்பூலப் பைக்கான வாழைத்தார்கள் பழுத்துக்கொண்டிருக்கும். பழுக்கிற பழம் எத்திலீன் வாயுவை வெளியிடும். ஆர்க்கிட்டுக்கு அது ஆகாது. மொட்டுகள் உதிரும், இதழ்களில் நரம்பு தெரியும், பூ மடங்கித் தொங்கும். காலையில் அதைப் பார்த்துவிட்டு, பழைய பூவைக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று பெண் வீட்டார் சண்டைக்கு வருவார்கள். சரி, குளிரில் வைக்கலாம் என்று ஐஸ்கிரீம் பெட்டிக்குப் பக்கத்தில் திணித்தால் அதுவும் தப்பு. வெப்பநாட்டுப் பூ இது. 10 டிகிரிக்குக் கீழே போனால் கருத்துவிடும். பழம் இல்லாத ஒரு ஏசி அறை போதும்.

மாலை விஷயத்தில் நான் கட்டுரையாளர் பக்கம். ஆர்க்கிட்டைத் தண்டிலிருந்து ஒவ்வொன்றாகக் கிள்ளி, நடுவில் ஊசி ஏற்றிக் கோக்கிறார்கள். பூவின் மையத்தில் மகரந்தத்தை மூடியிருக்கும் சின்னத் தொப்பி ஒன்று உண்டு. அது உதிர்ந்தால் பூ வேகமாக வாடத் தொடங்கும். வாசனையும் கிடையாது. மணமக்கள் கழுத்துக்கு ரோஜாவும் சம்பங்கியும் மல்லிகையும் இருக்கட்டும். ஆர்க்கிட் தண்டோடு மேடையில் நிற்கட்டும்.

அதையும் தண்ணீரில் ஊறவைத்துப் பூத்தண்டு செருகும் பச்சை ஃபோம் கட்டியில் குத்தாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த ஃபோம் ஒருவகை பிளாஸ்டிக், மண்ணில் மட்காது. பித்தளைக் குடத்திலோ கண்ணாடி ஜாடியிலோ தண்ணீர் ஊற்றி வைத்தால் பார்க்கவும் அழகு, பூவுக்கும் நல்லது.

அப்புறம் பந்தி முடிந்த பிறகு நடப்பது. இன்னும் பல நாள் இருக்கக்கூடிய பூவை அப்படியே வாரிக் குப்பை வண்டியில் ஏற்றுகிறார்கள். பார்க்கவே மனசு கேட்காது. அட்வான்ஸ் கொடுக்கும்போதே டெக்கரேஷன்காரரிடம் சொல்லிவிடுங்கள்: பிரிக்கும்போது தண்டுகளைத் தனியாக எடுத்து வையுங்கள், ஊருக்குக் கிளம்பும் உறவினர்களுக்குக் கொடுத்தனுப்ப வேண்டும் என்று. வீட்டுக்குப் போனதும் தண்டின் நுனியைச் சாய்வாக வெட்டித் தண்ணீரில் வைத்து, தண்ணீரை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றினால் போதும். முகூர்த்த மாதங்களில் வரும் உங்கள் திருமணச் சிறப்பிதழில் இதற்கு அரைப் பக்கம் ஒதுக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

– பூ அலங்காரத் தொழிலில் உள்ள ஒரு வாசகர், திருச்சி