காதை நெருக்கினால் கண்ணாடி நிற்காது

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வலது காதின் பின்னால் புண். மூக்கின் இரு புறமும் பிறை வடிவத்தில் சிவப்பு. படிக்கட்டு இறங்கினால் கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்துவிடுகிறது என்றும் எழுதியிருக்கிறாய். தேங்காய் எண்ணெய் தடவச் சொல்கிறாள் அம்மா. புண்ணுக்குத் தடவு, ஆனால் மூக்கில் படாமல் பார்த்துக்கொள். அங்கே பட்டால் கண்ணாடி இன்னும் வேகமாக இறங்கும்.

காதுக் கம்பியின் உட்புறம் 54, ஒரு சிறிய சதுரம், 17, பிறகு 140 என்று அச்சிட்டிருப்பது படத்தில் தெரிகிறது. எல்லாம் மில்லிமீட்டர் கணக்கு. 54 ஒரு லென்ஸின் அகலம், 17 இரண்டு லென்ஸுக்கும் நடுவே மூக்கின்மேல் வரும் இடைவெளி, 140 கம்பியின் நீளம். கல்லூரியில் நீ போட்டிருந்தது 50, 18, 135. இரண்டு லென்ஸின் அகலத்தையும் நடு இடைவெளியையும் கூட்டிப் பார்: பழையது 118, புதியது 125. உன் முகம் அப்படியேதான் இருக்கிறது, கண்ணாடி மட்டும் 7 மில்லிமீட்டர் அகலமாகிவிட்டது. முகத்தைப் படம் பிடித்து அதன்மேல் பிரேமை ஒட்டிக் காட்டுகிற கடைகளில் அழகு தெரியும், காது தெரியாது. இதை எத்தனையோ முறை சொல்லியாயிற்று, விடு.

அகலம் கூடியதால் கம்பிகள் தலையின் பக்கவாட்டைத் தொடவே இல்லை. பிடிப்பில்லாமல் கண்ணாடி நழுவியது. நழுவுகிறதே என்று நீ கம்பியின் நுனியைக் காதுக்குப் பின்னால் கொக்கியாக மடக்கிவிட்டாய். அதுதான் புண். திருச்சியில் கண்ணாடிக் கடை மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த காலம் முழுக்க நான் கேட்ட வாசகம், "கொஞ்சம் இறுக்கிக் கொடுங்கள்." வலியோடு வருகிறவர்களும் அதையேதான் கேட்பார்கள். கண்ணாடியின் எடையைத் தாங்குவது மூக்கு. அது முன்னால் சரியாமல் பிடித்துக்கொள்வதுதான் காதுப் பக்கத்தின் வேலை. அதனால் மூக்கில் தொடங்கு.

முதலில் கழுவு. பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு, வெந்நீர் வேண்டாம், குழாய்த் தண்ணீர் போதும். மூக்கின்மேல் உட்காரும் சிறிய திண்டுகளான நோஸ் பேட் இரண்டிலும் படிந்திருக்கும் வியர்வையும் எண்ணெயும் போனாலே பாதி நழுவல் நிற்கும். பேட் மஞ்சளாகிக் கெட்டிப்பட்டிருந்தால் மாற்றிவிடு, மலிவான பொருள்தான். அடுத்து, பேட் முழுவதும் மூக்கின் சரிவில் படிந்து உட்கார வேண்டும். உன் மூக்கில் இருக்கும் பிறை, விளிம்பு மட்டும் அழுத்துவதன் தடம். கட்டைவிரலால் மெதுவாகச் சாய்த்து, முகம் பார்க்கும் கண்ணாடி முன் நின்று பார். இரண்டு பேடையும் நெருக்கினால் பிரேம் மேலே ஏறும், விரித்தால் கீழே இறங்கும். ஒன்றை நகர்த்தினால் மற்றதையும் அதே அளவு நகர்த்து.

பிறகு கம்பிகளை விரித்துப் பிரேமைத் தலைகீழாக மேசைமேல் வை. இரண்டு கம்பியும் பலகையைத் தொட வேண்டும். தொட்டாலும் போட்டுப் பார்க்காமல் விடாதே. பலருக்கும் இரண்டு காதும் ஒரே உயரத்தில் இருப்பதில்லை, உனக்கு வலது காது கொஞ்சம் மேலே. மேசையில் நேராக இருந்து முகத்தில் கோணினால் முகத்துக்குத்தான் மரியாதை. எந்தப் பக்கம் உயர்ந்து தெரிகிறதோ அந்தப் பக்கத்துக் கம்பியைக் கீலுக்கு அருகில் மயிரிழை அளவு மேல்நோக்கி வளை. எந்த லென்ஸ் கன்னத்தை நெருங்கி நிற்கிறதோ அந்தப் பக்கத்துக் கம்பியை உள்ளே வளை, விலகி நின்றால் வெளியே. கேட்பதற்குத் தலைகீழாகத் தோன்றும், செய்து பார்த்தால் புரியும். ஒரு கையால் கீல் பக்கத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு மறு கையால் வளைக்க வேண்டும். லென்ஸைப் பிடித்துக்கொண்டு வளைப்பவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பதறும். உன்னுடையதில் அகலம் அதிகம் என்பதால் இரண்டு கம்பியையும் சமமாக உள்ளே கொண்டுவா. காதுக்குச் சற்று முன்னால் தலையை லேசாகத் தொட்டால் போதும், கண்ணுக்கும் காதுக்கும் நடுவே உள்ள பொட்டுப் பகுதியை அழுத்தக் கூடாது.

இனிக் காது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, காதின் மேல் மடிப்பு தலையோடு சேரும் இடத்துக்கு நேராகக் கம்பியில் பேனாவால் ஒரு புள்ளி வைக்கச் சொல், உடன் தங்கியிருக்கும் பெண்ணிடம். அந்தப் புள்ளியைத் தாண்டியவுடன் வளைவு தொடங்க வேண்டும். உன்னுடையது முன்னாலேயே தொடங்குகிறது, அதனால் காது மடிப்பை அறுக்கிறது. வெகுதூரம் பின்னால் தொடங்கினால் பிடிப்பே இருக்காது. நுனியில் பிளாஸ்டிக் உறை இருப்பதால் குளிர்ந்தபடி வளைக்காதே, வெடித்துவிடும். கை பொறுக்கும் வெந்நீரில் நுனியை மட்டும் ஒரு நிமிடம் வைத்துத் துடைத்து, பழைய வளைவை நேராக்கிவிட்டுப் புள்ளியைத் தாண்டியவுடன் புதிதாக வளை. நுனி மண்டை எலும்பின் வளைவை ஒட்டிப் போக வேண்டும், குத்தக் கூடாது. லென்ஸில் சூடு படவே கூடாது. அதன்மேல் இருக்கும் பூச்சு சிலந்தி வலை போல் வெடித்தால் எந்தக் கடையாலும் சரிசெய்ய முடியாது.

இவ்வளவும் சொல்வது புண்ணுக்காக மட்டும் இல்லை. உன் கண்ணாடியின் பவர் மைனஸ் 6. லென்ஸ் 5 மில்லிமீட்டர் முன்னால் சரிந்தால் கண்ணுக்குக் கிடைப்பது ஏறக்குறைய மைனஸ் 5.8 பவர்தான். இரவில் பஸ் எண் மங்கலாகத் தெரிவதாகச் சொன்னாயே, பவர் ஏறிவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் இதைச் சரிசெய்து பார். பிரேம் கோணி நின்றால் இன்னும் மோசம். ஒரு லென்ஸின் மையம் மற்றதைவிட 2 மில்லிமீட்டர் கீழே போனாலே இரண்டு கண்ணும் காணும் உருவம் மேலும் கீழுமாக விலகும். கண்கள் பக்கவாட்டில் நிறைய ஈடுகொடுக்கும், மேலும் கீழும் கொடுக்காது. மாலையில் வரும் தலைவலிக்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

ஒன்று தெரியுமா? மூக்குக் கண்ணாடி இத்தாலியில் பிறந்தது 13ஆம் நூற்றாண்டின் இறுதியில். காதோரம் போகும் கம்பியோ 18ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. லண்டனில் எட்வர்ட் ஸ்கார்லெட் என்ற கண்ணாடிக்காரர் 1730 வாக்கில் அடித்த விளம்பரச் சீட்டில் அந்தப் படம் இருக்கிறது. நானூறு வருடத்துக்கு மேல் மனிதர்கள் கண்ணாடியைக் கையில் பிடித்தும் மூக்கில் கவ்வ வைத்தும் படித்திருக்கிறார்கள். நீ ஒரு வாரம் பொறுமையாக வளைக்கலாம்.

அம்மாவைப் போல் கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைக்காதே, கம்பி விரிந்துவிடும். ஒரு கையால் கழற்றினாலும் அப்படித்தான்.

இதற்கும் அடங்கவில்லை என்றால் குறை பிரேமின் அளவில்தான். பெரிய லென்ஸை அறுத்துச் சிறிய பிரேமில் போட முடியும், மையம் பொருந்துகிறதா என்று முதலில் அளக்கச் சொல். கடைக்குப் பகலில், கூட்டம் இல்லாத நேரத்தில் போ. வேறு இடத்தில் வாங்கியதைச் சரிசெய்து தரச் சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள். நோஸ் பேட் மாற்ற வேண்டும் என்று பேச்சைத் தொடங்கு, காசு கொடுத்து மாற்று, பிறகு காதைக் காட்டு. கண்ணாடி வேலை தெரிந்த எவனும் அந்தப் புண்ணைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கமாட்டான்.

அன்புடன்,
அப்பா