பயிற்சி விமானம் என்றால் இளக்காரமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

முதல் உலகப்போர் விமானங்களைப் பற்றிய சென்ற இதழ்க் கட்டுரையை ஆசையாகத்தான் எடுத்தேன். அதில் அவ்ரோ 504 என்ற பிரிட்டிஷ் இரட்டை இறக்கை விமானத்துக்கு ஒரே ஒரு வரி: "போருக்கு லாயக்கில்லாததால் பயிற்சிக்கு ஒதுக்கப்பட்டது." இதழை மூடி வைத்துவிட்டேன்.

1914 நவம்பர் 21 அன்று பிரான்சின் பெல்ஃபோர்ட்டிலிருந்து கிளம்பிப்போய், ஜெர்மனியின் ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபெனில் இருந்த செப்பலின் என்ற ராட்சத வான்கப்பல்களின் கொட்டகைகள் மீது குண்டு போட்டவை மூன்று அவ்ரோ 504-கள்தான். உங்களுக்குத் தெரியாததில்லை. அப்புறம் வந்த சண்டை விமானங்களின் வேகத்துக்கு அதனால் ஈடுகொடுக்க முடியவில்லை, சரி. அதற்காக ஓரங்கட்டப்பட்ட பொருள் மாதிரி எழுதுவதா?

1917-இல் இங்கிலாந்தின் காஸ்போர்ட் விமானப் பயிற்சிப் பள்ளியில் பிரிட்டிஷ் விமானி ராபர்ட் ஸ்மித்-பேரி என்ன செய்தார் என்று ஒரு பத்தி எழுதியிருக்கலாமே. அதுவரை மாணவர்களுக்கு ஆபத்தான அசைவுகளைத் தவிர்க்கத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். பயிற்சியிலேயே செத்துப்போன பிள்ளைகள் ஏராளம். ஸ்மித்-பேரி அதைத் தலைகீழாக மாற்றினார். விமானத்தை வேண்டுமென்றே சுழன்று விழவிட்டு, அதிலிருந்து மீளக் கற்றுக்கொடுத்தார். ஆசிரியர் பேசுவது மாணவன் காதில் விழ ஒரு குழாய். இருவர் கையிலும் கட்டுப்பாடு. அதற்கெல்லாம் ஈடுகொடுத்தது இந்த அவ்ரோதான். ஒரே வகை எஞ்சின் போதுமான அளவு கிடைக்காதபோது, கிடைத்த ரோட்டரி எஞ்சினை (புரொப்பல்லரோடு தானும் சுழலும் எஞ்சின்) மாட்டிக்கொள்ளும்படி 504கே என்ற பிந்தைய வகையின் முன்பகுதியை மாற்றி அமைத்தார்கள். உதிரிபாகத்துக்குக் காத்துக்கிடந்தவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

நான் காத்துக்கிடந்தவன். விமானப்படைப் பயிற்சிப் பள்ளிகளில் 22 வருடம் ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக, அதாவது விமானத்தின் உடற்பகுதியைப் பராமரிப்பவனாக இருந்தேன். விடியுமுன் டார்ச் அடித்து ஒவ்வொரு கேபிளையும் கையால் இழுத்துப் பார்ப்போம். முதல்முறை தனியாகப் பறந்துவிட்டு இறங்கும் பையன் எங்களிடம் ஒன்றும் பேசமாட்டான், விமானத்தின் மூக்கை ஒருமுறை தடவிவிட்டுப் போவான். கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்கள் கேட்பார்கள்: "சண்டை விமானம் எதுலயும் வேலை பார்க்கலையா? வெறும் டிரெயினர்தானா?" சொந்தக்காரர்கள் கேட்டதைப் பொறுத்துக்கொண்டேன். முப்பது வருடமாகச் சந்தா கட்டும் பத்திரிகையும் அதையே சொன்னால் எப்படி?

மகள் இங்கிலாந்தில் இருந்தபோது ஓல்டு வார்டனில் உள்ள பழைய விமானங்களின் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனாள். அங்கே ஒரு 504கே இன்னும் பறக்கிறது. எஞ்சின் மொத்தமும் புரொப்பல்லரோடு சேர்ந்து சுழன்றது. காற்று எங்கள் பக்கம் திரும்பியதும் விளக்கெண்ணெய் வாடை. சின்ன வயதில் அம்மா மூக்கைப் பிடித்து ஊற்றுவாரே, அதே எண்ணெய்தான் அந்த எஞ்சினுக்கும். வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன்.

கட்டுரையோடு வந்த படத்துக்கு வருகிறேன். நீங்கள் போட்டிருப்பது அவ்ரோவே இல்லை, டைகர் மாத் என்ற வேறொரு பயிற்சி விமானம். அவ்ரோ முதலில் பறந்தது 1913-இல், டைகர் மாத் 1931-இல். அவ்ரோ 504கே-வில் சக்கரங்களுக்கு நடுவே முன்னால் நீட்டிக்கொண்டு ஒரு மரச்சறுக்குக் கட்டை இருக்கும். இறங்கும்போது மூக்கு குத்திக்கொள்ளாமல் காப்பதற்கு. உங்கள் படத்தில் அது எங்கே? பெட்ரோல் டாங்க் மேல் இறக்கையின் நடுவில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாலே அது டைகர் மாத் என்று தெரியுமே. இரண்டு வருடம் முன்பு இரட்டை இறக்கை விமானத்தை "இரட்டை எஞ்சின் விமானம்" என்று எழுதினீர்கள். அப்போதும் கடிதம் போட்டேன். பதில் இல்லை. பரவாயில்லை, வேலை அதிகமாக இருந்திருக்கும் என்று இருந்துவிட்டேன்.

இந்த முறை அப்படி இருக்க முடியவில்லை. படத்தில் இருப்பது டைகர் மாத் என்று அடுத்த இதழில் இரண்டு வரி போடுங்கள். இடம் இருந்தால் காஸ்போர்ட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஏர்ஃப்ரேம் ஃபிட்டர்,
தாம்பரம்