டீசல் முள் ஏறிய கதை

அன்புள்ள சேகர்,

நலம். உன் முதுகுவலியைப் பற்றிக் கேட்கப்போவதில்லை. கேட்டால் நாலு பக்கம் எழுதுவாய். மூர்த்திக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள், குரல் தாத்தாவுடையதேயாம். பாவம் அக்கம்பக்கத்தார்.

விஷயத்துக்கு வருகிறேன். சமையல் எண்ணெயில் ஓடும் என் வண்டியில் ஒரு கூத்து. அதில் டீசலுக்கு ஒன்று, எண்ணெய்க்கு ஒன்று என இரண்டு டாங்க். டீசலில் கிளப்பி, சூடானதும் சுவிட்சைத் தட்டி எண்ணெய்க்கு மாற்றி, அணைக்கும் முன் மறுபடி டீசலுக்கு மாற்ற வேண்டும். நீண்ட தூரம் ஓட்டினால் டீசல் முள் மெல்ல மேலே ஏறுகிறது! மூர்த்தியிடம் சொன்னால், "யாரிடமும் சொல்லாதே, பேட்டன்ட் வாங்கு" என்கிறான். வாத்தியார் வழக்கம்போல "ஃபில்டர் அடைத்திருக்கும்" என்றார். அவருக்குக் காய்ச்சல் வந்தாலும் ஃபில்டர்தான்.

நிதானமாக யோசித்தால் ஒரே வழிதான். எஞ்சினுக்கு எண்ணெயை அனுப்பும் வால்வு மாறுகிறது. மிஞ்சியதைத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் வால்வு மாறவில்லை. கரண்ட் வராதவரை இரண்டும் டீசல் பக்கமே நிற்கும் இல்லையா? ஆக, எண்ணெய் டாங்கிலிருந்து உறிஞ்சி டீசல் டாங்கில் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறது. சுவிட்சைத் தட்டியதும் இரண்டு 'டக்' கேட்க வேண்டும். வண்டி சூடான பிறகு காதை வைத்தேன், ஒன்றுதான் கேட்டது.

மீட்டர் வைத்தால் வால்வின் ஒயர் முனையில் பன்னிரண்டு வோல்ட் ஜம்மென்று காட்டுகிறது. இங்கேதான் பலர் ஏமாந்து வால்வையே மாற்றுவார்கள். கனெக்டரைக் கழற்றிவிட்டு அளந்தால் கரண்டே ஓடாது. எவ்வளவு மட்டமான கான்டாக்டும் முழு வோல்ட்டைக் காட்டும். வால்வை மாட்டி, ஓடவிட்டு, சுவிட்சின் இரண்டு காலுக்கும் குறுக்கே அளந்தேன். நல்ல சுவிட்சில் 0.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. இதில் மூன்றுக்கு மேல், அத்தனையும் வால்வுக்குப் போகாமல் சுவிட்சிலேயே வீண்! பேனலைக் கழற்றினால் ஒரு காலைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருக்கிறது, க்ளிப் லொடலொடவென்று ஆடுகிறது.

குளிரில் சமாளித்துவிட்டுச் சூட்டில் ஏன் மக்கர்? வால்வை இழுக்கும் மின்காந்தச் சுருளில் இருப்பது செம்பு. வெப்பம் 60 டிகிரி கூடினால் அதன் ரெசிஸ்டன்ஸ் கிட்டத்தட்ட கால் பங்கு கூடிவிடும். இழுக்கும் பலம் குறையும். ஏற்கெனவே அரைவயிறாய்க் கிடந்த வால்வு அதோடு கைவிட்டுவிட்டது.

கான்டாக்ட் கருகியதற்கும் சுருள்தான் காரணம். சுவிட்சை அணைக்கும்போதெல்லாம் அது ஒரு பொறியைக் கக்கும். இப்போது அந்தப் பொறியை அடக்க ஒவ்வொரு வால்வுக்கும் குறுக்கே, கரண்டை ஒரே பக்கம் விடும் டயோட் ஒன்று, கோடு போட்ட முனை பிளஸ் பக்கம். வால்வுக்கான கரண்ட் ரிலே வழியாக, அதாவது சின்னக் கரண்டில் இயங்கும் இன்னொரு சுவிட்ச் வழியாக, அதன் 30-ஆம் எண் காலிலிருந்து 87-ஆம் எண் காலுக்குப் போகிறது. சுவிட்சுக்கு ரிலேயைத் தட்டி எழுப்பும் வேலை மட்டும். இரண்டு 'டக்'கும் கேட்கிறது, முள்ளும் ஒழுங்காக இறங்குகிறது. கலந்துபோன டீசலை மொத்தமாக இறக்கிவிட்டேன்.

இனி உன் சங்கதி. விளையாட்டில்லை, சேகர். உன் வண்டியில் டெம்பரேச்சர் சுவிட்ச் வேண்டாம், கையாலேயே மாற்றிக்கொள்வேன் என்று எழுதியிருந்தாய். நீ எதையெல்லாம் மறப்பாய் என்று எனக்குத் தெரியாதா? எண்ணெய் 70 டிகிரியாவது சூடாகாமல் உள்ளே போனால் சரியாகத் தூவாது, முழுசாய் எரியாது. எரியாதது பிஸ்டன் ரிங்கைத் தாண்டி எஞ்சின் ஆயிலில் கலக்கும். நாளடைவில் அந்த ஆயில் கூழாகிவிடும். அதற்கப்புறம் ரிலே, டயோட் எதுவும் காப்பாற்றாது. சூடு ஏறும்வரை ரிலேக்கு கரண்டே போகாதபடி அந்தச் சுவிட்சைத் தொடரில் போடு. எஞ்சினை அணைக்கும் முன் டீசலுக்கு மாற்றாவிட்டால் கத்த ஒரு பஸ்ஸரும் வை. உன் வீட்டம்மாவின் குரல் போதும் என்பாய். அவர் எப்போதும் வண்டியில் இருக்கமாட்டார்.

நீ அனுப்பிய ஒயரிங் படத்தில் பேட்டரியை ஒட்டி ஃபியூஸையே காணோம். வரைந்து மறுபடி அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். அதுவரை சாவியைத் தொடாதே.

உன்,
ரகு